யாழ்ப்பாணத்துச் செம்மறிக்குப் பரல் புல்லும் பியர்ச் சக்கையும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

தென்மராட்சியின் கிழக்குப் பகுதியில் முப்பத்தைந்து நாட்டுச் செம்மறிகளை வளர்த்து வருபவன் நான். கோடைகாலத் தீவனத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், தெற்கிலுள்ள பியர் உற்பத்திச்சாலைகளில் கழிக்கப்படும் தானியச் சக்கையை லொறியில் ஏற்றி வடக்கிற்குக் கொண்டுவந்தால் குறை தீர்ந்துவிடும் என்று ஒரு சாரார் சொல்கின்றனர். அது சாராயக் கழிவு, அதைத் தின்ற ஆட்டுக்கு வெறி ஏறும், அதன் இறைச்சியும் ஆகாது என்று இன்னொரு சாரார் மறுக்கின்றனர். இரண்டு கூற்றுகளும் உண்மைக்குப் புறம்பானவை. அந்தச் சக்கையை மூன்று கோடைகளாகக் கையாண்டு, முதற்கோடையில் இழப்பையும் கண்டவன் என்ற முறையில், அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சக வளர்ப்பாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

முதலில் அது என்ன பொருள் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். பியர் செய்வதற்கு, முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கிச் சுடுநீரில் ஊறவைப்பார்கள். தானியத்திலுள்ள மாப்பொருள் அந்தச் சூட்டில் சீனியாக மாறி நீரில் இறங்கிவிடும். இனிப்பான அந்தச் சாற்றை வடித்தெடுத்த பின் பாத்திரத்தில் எஞ்சி நிற்கும் உமியும் தவிடும் கலந்த சக்கையே நாம் பேசும் தீவனம். சாற்றைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அதில் மதுவம் (ஈஸ்ட்) சேர்ப்பது அதற்குப் பிந்திய வேலை. மதுசாரம் உண்டாவது அந்தக் கட்டத்தில்தான் என்பதால், சக்கையில் மதுசாரம் இருக்கிறது என்ற அச்சத்துக்கு இடமில்லை. சமய ஆசாரத்தைப் பேணும் குடும்பங்கள் சில இந்த ஓர் ஐயத்தாலேயே அதை ஒதுக்கியதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். வடமராட்சியிலுள்ள திக்கம் வடிசாலை போன்ற இடங்களில் கள்ளைக் காய்ச்சி வடித்த பின் எஞ்சும் கழிவுநீரையும் இதையும் ஒன்றாக எண்ணுவதும் தவறு. பியர்த் தாங்கிகளின் அடியில் படியும் மதுவ மண்டி இவ்விரண்டிலும் வேறான மூன்றாவது பொருள். உலர்நிலையில் பாதியளவுக்குப் புரதம் கொண்டதாயினும், உயிருள்ள மதுவத்தை அப்படியே கொடுத்தால் அது ஆட்டின் வயிற்றுக்குள்ளேயே நொதித்து வயிற்றை ஊதச் செய்யும். அதைச் சூடாக்கி மதுவத்தைக் கொன்ற பின்னரே கொடுக்கலாம் என்பதால், சிறு வளர்ப்பாளர்கள் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

சீனி போய்விட்டபடியால் சக்கையில் மிஞ்சுவது பெரும்பாலும் புரதமும் நாருமே. 100 லீற்றர் பியருக்கு ஏறத்தாழ 20 கிலோ ஈரச் சக்கை கிடைக்கிறது. அதில் 75 முதல் 80 வீதம் நீர். நீரை நீக்கிப் பார்த்தால், எஞ்சும் உலர்பொருளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு புரதம். தேங்காய்ப் புண்ணாக்கிலுள்ளதைவிட அது சற்றுக் கூடுதலாகும். இந்தப் புரதத்தில் கணிசமான பகுதி, ஆட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களால் சிதைக்கப்படாமல் தப்பிச் சிறுகுடலுக்குச் சென்று சமிக்கிறது. குட்டிக்குப் பால் சுரக்க வேண்டிய மறிக்கு (பெண் ஆட்டுக்கு) இது பெரிய நன்மை.

எந்த மாதத்தில், எந்த ஆட்டுக்கு என்ற கேள்வியை எவரும் கேட்பதில்லை. எங்கள் பகுதியில் மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களில் பெய்து முடிகிறது. மழையோடு தரவைகளில், அதாவது திறந்த மேய்ச்சல் வெளிகளில், புல் எழும்பி, செம்மறிகள் உடம்பு பிடித்து, மார்கழியிலும் தையிலும் கிடாய்க்குச் சேர்ந்து சினைப்படுகின்றன. செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாட்கள் என்பதால், தையில் சினைப்பட்ட மறி ஆனியில் குட்டி போடும். வயிற்றிலுள்ள குட்டியின் வளர்ச்சியில் ஏறக்குறைய 70 வீதம் கடைசி ஆறு வாரங்களில் நடைபெறுகிறது. அந்த ஆறு வாரங்களும் நமது நாட்காட்டியில் எங்கே விழுகின்றன என்று பாருங்கள்: தரவை வெடித்து, கிணற்று நீர் இறங்கி, சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்கத் தொடங்கும் சித்திரை வைகாசியில். அப்போது வெளியில் நிற்பது வைக்கோலிலும் கீழான சருகு. தாய் தன் உடம்புக் கொழுப்பை உருக்கிக் குட்டியை வளர்க்க முற்படுகிறது. இரட்டைக் குட்டியாயின் அந்த முயற்சியிலேயே நோயில் விழுந்து எழும்பாமற் போய்விடுகிறது. பிழைத்துப் பிறக்கும் குட்டிக்கும் மடியில் பால் இருப்பதில்லை. ஆனியிலும் ஆடியிலும் பட்டிகளில் சாகும் குட்டிகளுக்கு நாம் நோயின் பெயரைச் சொல்கிறோம். அவற்றுட் பலவற்றுக்குத் தாயின் பட்டினியே காரணம் என்பதை என் பட்டியிலேயே, விடிய எழும்பிக் குட்டிகளைப் புதைத்த காலைகளில், நான் அறிந்துகொண்டேன்.

பியர்ச் சக்கை இந்த ஆறு வாரங்களுக்கும், குட்டி போட்ட பின் வரும் முதல் சில வாரங்களுக்கும் உரிய மேலதிகத் தீனி. எல்லா ஆட்டுக்கும் ஆண்டு முழுவதும் அள்ளிப் போடுவதற்கு அது ஏற்றதன்று. அதைக் கொடுப்பதற்கு முன் ஆட்டின் வயிற்றை நிரப்பும் புல் இருந்தாக வேண்டும். சித்திரையில் வெளியில் புல் கிடையாது. ஆகவே தையிலேயே அதைச் சேமித்து வைத்திருக்க வேண்டும்.

சேமிக்கும் வழி சைலேஜ். மாங்காயை ஊறுகாயாக்குவதற்கு ஒப்பான வேலை இது. காற்றுப் புகாத இடத்தில் புல்லிலுள்ள சீனியைப் பற்றீரியாக்கள் இலற்றிக் அமிலமாக மாற்ற, அந்தப் புளிப்பே புல்லைக் கெடாமற் காக்கிறது. புல்லை ஓர் அங்குலத்துக்கு மேற்படாத துண்டுகளாக நறுக்கி, பரலில் (பீப்பாவில்) படைபடையாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் காலால் மிதித்துக் காற்றை வெளியேற்றி, மூடியை இறுக்கி ஆறு வாரம் வைத்தாற் போதும் என்று துண்டுப் பிரசுரங்கள் சொல்லும். அந்த வார்த்தையை நம்பி யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்குபவர் ஈரத்திலேயே தோற்றுப்போகிறார். புல் நிறைந்திருக்கும் கார்த்திகையில் வானம் வெளிப்பதில்லை. மழை ஈரத்தோடு வெட்டிய புல்லில் உலர்பொருள் 15 அல்லது 20 வீதமே இருக்கும். சைலேஜுக்கு வேண்டியது 30 வீதமளவு. ஈரப்புல்லை அப்படியே அடைத்தால் பரலின் அடியில் கறுப்பு நீர் தேங்கி, வேண்டாத பற்றீரியாக்கள் பெருகி, திறக்கும்போது கெட்டுப்போன நெய்யின் நாற்றம் அடிக்கும். ஆடு முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். ஆகவே தைப்பொங்கலுக்குப் பின், மழை ஓய்ந்து வெயில் தெளிந்த நாட்களில், காலைப் பனி உலர்ந்ததும் வெட்டி, மாலைவரை பரப்பி வாடவிட்டு அடைப்பதே சரி. நறுக்கிய புல்லில் ஒரு பிடியை அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தால் நீர் சொட்டக்கூடாது. உருண்டையாகவும் நில்லாமல் அது மெல்ல மெல்ல விரிய வேண்டும். அதுவே பதம்.

சீனியிலும் நமக்குக் குறை உண்டு. குளிர்நாடுகளின் ரைப் புல்லில் சீனி மிகுதி என்பதால், அங்கு எதையும் சேர்க்காமலே பெரும்பாலும் சைலேஜ் நன்றாக அமைந்துவிடுகிறது. நம்மிடமுள்ள கோ-3, கினிப்புல் ஆகியவற்றில் சீனி குறைவு, தண்டு தடிப்பு. 100 கிலோ புல்லுக்கு 3 அல்லது 4 கிலோ மொலாசஸை (கரும்புக் கழிவுப் பாகை) நீரில் கரைத்துப் படைகளுக்கிடையே தெளித்தாக வேண்டும். கோயம்புத்தூரிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவான கோ-3 புல், பால்மாடு வைத்திருக்கும் வளவுகளில் இன்று பரவலாக நிற்கிறது. அதை 45 முதல் 60 நாளைக்குள் வெட்ட வேண்டும். முற்றவிட்டால் தண்டு மரமாகிப் புரதம் குறைந்துவிடும். தரவையில் தானாக எழும் புல்லையும் பூக்கத் தொடங்கும்போது வெட்டிப் பயன்படுத்தலாம். ஆனால் வேரோடு மண் சேர்ந்து பரலுக்குள் போகக்கூடாது. மண்ணிலுள்ள லிஸ்டீரியா என்னும் பற்றீரியா, சரியாகப் புளிக்காத சைலேஜில் பெருகிச் செம்மறியின் மூளையைத் தாக்கும். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி நடக்கும் ஆட்டைக் கண்டால், அன்றே கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும். அந்தப் பரலில் இருந்து கொடுப்பதையும் அன்றே நிறுத்த வேண்டும்.

200 லீற்றர் நீலப் பரல் ஒன்றில், நன்றாக மிதித்தால், என் கணக்கில் 100 முதல் 120 கிலோ வரை கொள்ளும். பகல் முழுவதும் கொட்டிலில் நிற்கும் மறிக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வேண்டும். காலையில் சிறிது நேரமாவது மேய விடுபவர்களுக்கு அதில் பாதி போதும். திறக்காமல் வைத்த பரல் ஓராண்டு கடந்தும் கெடுவதில்லை. அடுத்த மாரிக்கென்று இரண்டு பரல்களை ஒதுக்கி வைப்பது என் வழக்கம். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இறந்ததை நாம் மறக்கவில்லை. நனைந்து, மேய்ச்சலுக்கும் போகமுடியாமல் வெறும் வயிற்றோடு நிற்கும் ஆட்டால் குளிரைத் தாங்க முடியாது.

இனிச் சக்கையின் அளவுக்கு வருகிறேன். பிரித்தானியா போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் கொட்டிலில் நிற்கும் செம்மறிகளுக்குப் புல் சைலேஜோடு பியர்ச் சக்கை கொடுப்பது பழகிய முறை. ஆனால் அங்குள்ள மறி 70, 80 கிலோ எடையுள்ளது. அவர்களின் சைலேஜிலும் புரதம் நம்முடையதைவிட அதிகம். அவர்களின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் ஆடு தாங்காது. நமது நாட்டுச் செம்மறி மறி 25 கிலோ அளவில் நிற்கிறது. அது நாளொன்றுக்கு 750 கிராம் அளவு உலர்பொருள் தின்னும். இரண்டு கிலோ கோ-3 சைலேஜில் 600 கிராம் உலர்பொருளும், அதில் 8 வீதமாக ஏறத்தாழ 48 கிராம் புரதமும் உண்டு. உயிரைப் பிடித்து வைத்திருக்க அது போதும், குட்டியை வளர்க்கப் போதாது. அதனோடு 750 கிராம் ஈரச் சக்கையைச் சேர்த்தால் மேலும் 165 கிராம் உலர்பொருளும் 40 கிராம் அளவு புரதமும் சேர்கின்றன. மொத்தத்தில் தீனியின் புரதம் 8 வீதத்திலிருந்து பதினொன்றரை வீதத்துக்கு உயர்கிறது. சினையின் கடைசிக் கட்டத்தில் நிற்கும் மறிக்கு வேண்டிய அளவும் ஏறத்தாழ அதுவே. முதல் நாளிலேயே 750 கிராம் கொடுக்கக் கூடாது. ஒரு கைப்பிடியில் தொடங்கிப் பத்து நாளில் அந்த அளவுக்கு வர வேண்டும்.

என் முதற்கோடை இழப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது என் கடமை. ஒரு வியாபாரியிடம் உரப்பைகளில் கட்டிய சக்கையை வாங்கினேன். அது எப்போது ஆலையிலிருந்து புறப்பட்டது என்று நான் கேட்கவில்லை. பைகளை மாமரத்தின் கீழ் அடுக்கி வைத்து, ஒவ்வொரு நாளும் ஒரு பையாகக் கொடுத்து வந்தேன். ஐந்தாம் நாள் பையை அவிழ்த்தபோது மேற்புறத்தில் நீலமும் பச்சையுமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மேலிருந்த ஒரு சாண் அளவை வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தேன். காசு கொடுத்து வாங்கியதை எறிய மனம் வரவில்லை. இரண்டு நாளில் மூன்று மறிகளின் கால்கள் நடுங்கின. எழுப்பி நிறுத்தினாலும் பின்னங்கால்கள் மடிந்து விழுந்தன. இரண்டு தேறின. இரட்டைக் குட்டி சுமந்த மூன்றாவது மறி இறந்தது. பார்லிச் சக்கையிலும் முளைத் தானியத்திலும் வளரும் பூஞ்சணங்களில் நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும் இனம் ஒன்று உண்டு என்பதையும், தென்னாபிரிக்காவில் பியர்ச் சக்கை தின்ற மாடுகள் இவ்வாறே நடுங்கி விழுந்து இறந்திருக்கின்றன என்பதையும் நான் பின்னர்தான் படித்து அறிந்தேன். கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணத்தை வழித்து எறிவதால் நஞ்சு போய்விடுவதில்லை. அந்தப் பை முழுவதையும் குழிதோண்டிப் புதைத்திருக்க வேண்டும்.

நம்முடைய வெப்பத்தில் திறந்து கிடக்கும் ஈரச் சக்கைக்கு ஆயுள் இரண்டு நாளே. வந்து இறங்கிய அன்றைக்கே அதைப் பரல்களில் இறுக்கி அடைத்து, மேலே பொலித்தீன் விரித்து, அதன்மேல் மணல் மூட்டை வைத்துக் காற்றை அடைத்துவிட்டால், புல்லைப் போலவே அதுவும் புளித்துப் பல மாதம் நிற்கும். பரலின் அடியில் ஒரு முழத்துக்குத் தவிடோ நறுக்கிய வைக்கோலோ போட்டால், வடியும் நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். அதையும் ஆடுகள் விரும்பித் தின்கின்றன. ஒரு பரலைத் திறந்தால் நாள்தோறும் ஒரு படையாவது எடுத்து விரைவில் முடித்துவிட வேண்டும். கடந்த இரண்டு கோடைகளிலும் இவ்வாறே செய்தேன். ஒரு மறியும் நோய்ப்படவில்லை.

இரண்டு எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சக்கையில் பொசுபரசு கூட, கல்சியம் குறைவு. கிடாய்களுக்குத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீர்க் குழாயில் கல் அடைத்துச் சாகவும் கூடும். மறிகளுக்கும் நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி சுண்ணக்கல் தூள் சேர்ப்பது நல்லது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வேறு. அதைக் கொடுக்கக் கூடாது. அடுத்தது செம்பு. மாட்டுக்கும் பன்றிக்கும் வேண்டிய அளவு செம்பு செம்மறிக்கு நஞ்சு. அது ஈரலில் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று கண் மஞ்சளாகிச் சிறுநீர் கறுத்து ஆட்டைக் கொல்லும். சக்கையோடு கொடுக்கிறோம் என்று மாட்டுக்கான தாதுக் கலவையையோ பன்றித் தீனியையோ ஒருபோதும் கலக்கக் கூடாது.

விலையைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. பியர் உற்பத்திச்சாலைகள் பியகமவிலும் மாவத்தகமவிலும் இருக்கின்றன. கொழும்புப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 5 தொன் சக்கை ஏற்றிய லொறியில் ஏறக்குறைய 4 தொன் தண்ணீர்தான் வருகிறது. ஒரு கிலோ ஈரச் சக்கையிலுள்ள உலர்பொருளும் புரதமும் ஒரு கிலோ புண்ணாக்கில் உள்ளதில் நாலில் ஒரு பங்கு அளவே. ஆகவே, கூலியும் சேர்த்து உங்கள் படலையில் இறங்கும்போது ஒரு கிலோ சக்கையின் விலை, ஒரு கிலோ தேங்காய்ப் புண்ணாக்கின் விலையில் நாலில் ஒரு பங்கைத் தாண்டினால், சக்கையை விட்டுப் புண்ணாக்கையே வாங்குங்கள். கிளிசிறிடியாக் (சீமைக்கிளுவை) குழை கைவசம் உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். புரதத்தில் அது சக்கைக்கு அதிகம் குறைந்ததன்று. வேலியில் நிற்கும் கிளிசிறிடியாவும் முள்முருக்கும் உதிர்ந்தும் ஒடித்து முடிந்தும் போன வேலிக்காரருக்கே சக்கை உண்மையில் உதவுகிறது.

தனியொருவர் வருவித்தால் இந்த விலைக்குள் அடங்காது. பத்து மறிகளுக்கு ஆறு வாரத்துக்கு வேண்டியது 315 கிலோ. அவ்வாறு இருபது வளர்ப்பாளர் சேர்ந்தால் 6 தொன்னுக்குச் சற்று மேல், அதாவது ஒரு லொறி. அதைப் பங்குனிக் கடைசியில் ஒரே நாளில் இறக்கி, அன்று மாலைக்குள் எல்லோரும் தத்தமது பரல்களை நிரப்பிக்கொண்டால், ஆண்டுக்கு ஒரு லொறியோடு இருநூறு மறிகளின் அந்த ஆறு வாரத் தேவை முடிந்துவிடும். இதை நடத்த ஒரு கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தால் முடியும். வேண்டியது முன்பணமும் ஒரு தராசும் மட்டுமே.

போருக்குப் பின் வாழ்வாதார உதவியாக ஆடுகளைப் பெற்ற குடும்பங்கள் எங்கள் பகுதியில் பல உள்ளன. கணவனை இழந்த பெண்கள் நடத்தும் வீடுகள் அவற்றில் அதிகம். ஆட்டைக் கொடுத்தவர்கள் கோடையில் அது எதைத் தின்னும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லிச் செல்லவில்லை. இரண்டாம் கோடையில் ஆடுகள் இறைச்சிக்குப் போயின. இனி அத்தகைய உதவி வழங்குவோர், ஆட்டோடு இரண்டு பரல்களையும், புல் வெட்டும் இயந்திரம் ஒன்றைப் பத்து வீட்டுக்குப் பொதுவாகவும் கொடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

வட மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்திடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. வருகிற தை மாதத்தில், புல் வெட்டும் காலத்திலேயே, சைலேஜ் அடைக்கும் செயல்முறைப் பயிற்சியைத் தென்மராட்சியிலும் தீவகத்திலும் கிராமத்துக்குள் வந்து நடத்த வேண்டும். ஆவணியில் மண்டபத்தில் நடத்தும் வகுப்பால் புல் பரலுக்குள் போகாது. வடக்கிற்கு விற்பனைக்கு வரும் ஒவ்வொரு லொறிச் சக்கைக்கும், ஆலையிலிருந்து புறப்பட்ட திகதியும் ஈரத்தின் வீதமும் எழுதிய சீட்டு இருக்க வேண்டும் என்ற விதியையும் ஏற்படுத்த வேண்டும். கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தினர், நமது நாட்டுச் செம்மறியை வைத்தே இந்தத் தீனியின் அளவைச் சோதித்துத் தமிழில் வெளியிட்டால், நான் மேலே தந்துள்ள கணக்கிலுள்ள பிழைகளைத் திருத்திக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறேன். அந்தச் சோதனைக்கு என் பட்டியிலிருந்து பத்து மறிகளைத் தரவும் சம்மதம்.

இங்ஙனம்,
செம்மறி வளர்ப்பாளர் ஒருவர்,
மிருசுவில்.